உள்ளிருந்து திறக்க வேண்டிய கதவு



நம் நிகாஹ் மண்டபங்களில் பெண்கள் பகுதிக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கும். பெரும்பாலும் இரும்புக் கதவு. சில இடங்களில் மடக்கு கேட். அதில் ஒரு பூட்டுத் தொங்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் வாட்ச்மேனிடம் என்பார்கள். வாட்ச்மேன் எங்கே என்று கேட்டால் பந்தியில் என்பார்கள். பூட்டியதற்கான காரணத்தைக் கேட்டால் மட்டும் எவரும் தயங்குவதில்லை. பெண்கள் அமர்ந்திருக்கும் இடம், அந்நியர் நுழையலாகாது. நகை போட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்னஞ்சிறுசுகள் சாலைக்கு ஓடிவிடக் கூடாது. காரணங்கள் அத்தனையும் நியாயமானவை. ஆனால் அந்தக் காரணங்களுக்குப் பூட்டு ஏற்ற கருவியன்று.

ஏனென்றால் ஒரு பூட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. வெளியே இருப்பவரை உள்ளே விடாமல் தடுக்கிறது. உள்ளே இருப்பவரை வெளியே விடாமலும் தடுக்கிறது. நமக்குத் தேவைப்பட்டது முதல் வேலை மட்டுமே. இரண்டாவதை நாம் கேட்கவில்லை, அதுவாகக் கூடவே வந்துவிட்டது. இந்த இரண்டையும் பிரித்துத் தருகிற ஒரு கருவி உலகில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. கடைகளில் அதைப் பேனிக் பார் என்பார்கள். பெரிய மருத்துவமனைகளிலும் மால்களிலும் கதவின் உள்பக்கம் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஓடும் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அதன் மீது எந்த இடத்தில் கை பட்டாலும், முழங்கை பட்டாலும், பின்னால் வந்தவர் தள்ளி நம் வயிறே பட்டாலும் தாழ் விலகிக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ அது பூட்டிய கதவுதான். பிடிக்க ஒரு கைப்பிடிகூட இருக்க வேண்டியதில்லை.

இந்தக் கருவி பிறந்த கதை துயரமானது. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா ஹால் என்னும் அரங்கில் சிறுவர்களுக்கான வித்தை நிகழ்ச்சி நடந்தது. முடிவில் பரிசு கொடுக்கிறார்கள் என்று அறிவித்ததும் மாடியில் இருந்த குழந்தைகள் படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள். கீழே இருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒருவர் பின் ஒருவராக வரட்டும் என்று ஓர் ஆள் நுழையும் இடைவெளி மட்டும் விட்டு அதைத் தாழிட்டிருந்தார்கள். தீ இல்லை, புகை இல்லை. ஆயினும் அந்த இடைவெளியின் முன் 183 குழந்தைகள் நெரிந்து மடிந்தார்கள். அந்நிகழ்வுக்குப் பின்னர் ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் தள்ளினால் விலகும் தாழ்ப்பாள் ஒன்றை வடிவமைத்து 1892-இல் காப்புரிமை பெற்றார்.

அமெரிக்காவில் இன்னொரு சாவுக்கூட்டம் தேவைப்பட்டது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா நாடக அரங்கில் தீப்பிடித்து அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வெளியேறும் கதவுகள் பலவும் திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. பழக்கமில்லாதவருக்குத் திறக்கத் தெரியாத தாழ்களைக் கொண்டிருந்தன. அன்று அந்த நாடகத்துக்குப் போகவிருந்து, வேலை காரணமாகப் போகாமல் பிழைத்தவர் கார்ல் பிரின்ஸ்லர் என்னும் இரும்புச் சாமான் வியாபாரி. அவரும் ஹென்றி டூபாண்ட் என்னும் கட்டடக் கலைஞரும் சேர்ந்து உருவாக்கிய தள்ளு கம்பி 1908-இல் விற்பனைக்கு வந்தது. வான் டுப்ரின் என்று இன்றும் அந்தப் பெயரில் விற்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதை என்று தள்ளிவிட முடியாதபடி நம் மண்ணிலும் நடந்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டு தமிழ்நாடு மறக்கக் கூடாத ஆண்டு. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மேல்தளத்தில் வேய்ந்திருந்த கீற்றுப் பந்தல் பற்றி எரிந்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆறு மாதம் கழியவில்லை. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. பேனிக் பார் இருந்திருந்தால் கும்பகோணத்துப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே கூரையும் குறுகலான படிக்கட்டுமே முதல் குற்றவாளிகள். கம்பி ஒன்றைப் பொருத்திவிட்டு, கீற்றுக் கூரையையும் அதன் கீழே எரியும் அடுப்பையும் அப்படியே விட்டுவைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ஆனால் தில்லியில் 1997 ஜூன் 13 அன்று உபஹார் திரையரங்கில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தது வேறு வகை. அங்கே பால்கனியில் இருந்தவர்களுக்குக் கதவு அடைபட்டிருந்தது. கூடுதல் இருக்கைகள் போட்டு வழியையும் மறித்திருந்தார்கள். திறக்கும் கதவு ஒன்று அங்கே உயிர்களைக் காத்திருக்கும்.

நம் சமுதாயம் தனியாக நினைத்துப் பார்க்க வேண்டியது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களைக் கட்டிவைத்தவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ஓடிவிடக் கூடாது, கிணற்றில் விழுந்துவிடக் கூடாது, அவர்கள் நன்மைக்காகத்தான் என்றே சொல்லியிருப்பார்கள். அந்தக் கூடத்துச் சங்கிலிக்கும் நம் மண்டபத்துப் பின்கதவின் பூட்டுக்கும் அளவில் வேறுபாடு உண்டு. கொடுமையில் வேறுபாடு உண்டு. "உங்கள் பாதுகாப்புக்காக உங்களை வெளியேற முடியாமல் வைக்கிறோம்" என்னும் எண்ணத்தில் வேறுபாடு இல்லை.

2002 மார்ச் 11 அன்று புனித மக்கா நகரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் தீ விபத்து நேர்ந்து 15 மாணவிகள் இறந்தார்கள். வெளிவாயில் பூட்டியிருந்தது. பர்தா இன்றி வெளியேற முயன்ற மாணவிகளை ஒழுக்கக் காவலர்கள் தடுத்தார்கள் என்று சவூதி நாளேடுகளே எழுதின. அரசு விசாரணை அதை ஏற்கவில்லை. அந்த விவாதத்துக்குள் நாம் போக வேண்டியதில்லை. பூட்டிய வாயிலைப் பற்றி இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை என்பதே நமக்குப் போதும். அந்த மாதமே பெண்கள் பள்ளிகளின் நிர்வாகம் தனித் துறையிடமிருந்து எடுக்கப்பட்டுக் கல்வி அமைச்சகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் ஆடைத் தொழிற்சாலையில் 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். அங்கும் கதவுகள் அடைபட்டிருந்தன, சன்னல்களில் கம்பி. மக்காவில் பூட்டியது மானம் காக்க. கராச்சியில் அஞ்சியது பொருள் போய்விடும் என்று.

ஷரீஅத்தின் நோக்கங்கள் என்று அறிஞர்கள் எண்ணும் ஐந்தில் மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் என்ற வரிசை நமக்குத் தெரியும். செல்வம் கடைசியில் நிற்கிறது. உயிர் இரண்டாவதாக நிற்கிறது. நகைக்காகப் பூட்டிய கதவை அந்த வரிசையில் எங்கே வைப்பது என்று முதவல்லிமார்கள் யோசிக்கட்டும். மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு எரிந்துபோன செய்தி வந்தபோது, உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இரவில் கதவுகளை அடைக்கும்படியும் சொன்னார்கள். அந்தத் தாழ் வீட்டார் தம் கையால் உள்ளிருந்து போட்டு உள்ளிருந்து எடுப்பது. இன்னொருவர் வெளியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவதற்கு அந்த ஹதீஸில் ஆதாரம் தேட முடியாது.

எல்லாம் தக்தீர்தானே என்பவருக்கு ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை நினைவூட்டினால் போதும். அவர்களிடம் இதற்கு மேல் வாதிட எனக்கு விருப்பமில்லை.

பர்தாவைக் காரணம் காட்டித் தயங்குவோரிடம்தான் பேச வேண்டியிருக்கிறது, அவர்கள் அக்கறை உண்மையானது என்பதால். பேனிக் பார் பொருத்திய கதவு வெளியாருக்கு மூடியே இருக்கும். திறந்தால் மணி அடிக்கும்படியும் அமைக்கலாம். பிள்ளைகள் விளையாட்டாகத் தள்ளினாலும் பெரியவர்களுக்குத் தெரிந்துவிடும். பெண்கள் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கதவு வேறு இல்லை. இன்று நம் மண்டபங்கள் பலவற்றில் என்ன நடக்கிறது? பின்கதவு பூட்டியிருப்பதால், ஆபத்தென்றால் பெண்கள் ஆண்கள் பகுதி வழியாகத்தான் ஓட வேண்டும். மறைப்புக்காகப் பூட்டிய கதவு மறைப்பையும் காக்கவில்லை, உயிரையும் காக்கவில்லை. பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் நிஸ்வான் மதரஸாக்களில் இது இன்னும் கூர்மையான கேள்வி. இரவு பத்து மணிக்கு வெளி கேட்டைப் பூட்டுகிறோம், சாவி ஆலிமாவிடம், ஆலிமா வேறு தளத்தில். மின்கசிவு இரவில் இரண்டு மணிக்கும் வரும்.

இதை நான் பழவேற்காட்டை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கோட்டைக்குப்பம், ஜமீலாபாத், லைட்ஹவுஸ் குப்பம் என்று நீளும் ஊர்களில் எல்லாச் சமயத்தாரும் வாழ்கிறார்கள். நம் மக்கள் மீன் பிடிக்கிறார்கள், வியாபாரம் செய்கிறார்கள். நம் பெண்கள் பனையோலைப் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். அங்கே தீப்பிடித்தால் பொன்னேரியிலிருந்து வண்டி வர வேண்டும், ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வண்டி புறப்பட்டு வந்து சேர்வதற்குள் காய்ந்த ஓலை அடுக்கிய ஓர் அறையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே இந்த ஊர்களில் தீயணைப்பு என்பதன் பெரும்பகுதி, மக்கள் தாமாகவே வெளியே வந்துவிடுவதுதான். (டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் வெடிமருந்து ஆலை நடத்தினார்கள். நெருப்போடு பழகிய பழைய ஊர்.) 2011 டிசம்பர் 25 அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கியதை அந்த மக்கள் மறக்கவில்லை. உயிர்காப்பு உடையைப் பற்றி அன்று எல்லோரும் பேசினார்கள். உயிர்காப்பு உடை படகுக்கு எதுவோ, தள்ளித் திறக்கும் கதவு மண்டபத்துக்கு அதுவே.

கடற்கரை ஊரில் கதவுச் சாமான் பொருத்துவதில் தனிச் சிக்கல்கள் உண்டு. உப்புக் காற்று முதல் எதிரி. சாதாரண இரும்பில் முலாம் பூசிய கம்பி அங்கே ஓரிரு மழைக்காலத்துக்குள் துருவேறி இறுகும். இறுகிய பேனிக் பார், பூட்டிய பூட்டுக்குச் சமம். துருப்பிடிக்காத எஃகிலும் 304, 316 என்று தரங்கள் உண்டு. மாலிப்டினம் கலந்த 316 தரம்தான் உவர்க்காற்றைத் தாங்கும். கம்பி மட்டுமன்று, உள்ளே இருக்கும் ஸ்பிரிங், திருகு, கீல் எல்லாம் அந்தத் தரமா என்று கேட்டு வாங்க வேண்டும். வெளியே பளபளக்கும் உறையைக் காட்டி உள்ளே மட்டமானதை வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

மணல் அடுத்தது. இரட்டைக் கதவுகளுக்கு வரும் பேனிக் பாரில் மேலும் கீழும் ஒவ்வொரு தண்டு ஓடி, நிலையிலும் தரைக் குழியிலும் இறங்கும். தரைக்குழி பழவேற்காட்டில் ஒரே வாரத்தில் மணலால் நிரம்பிவிடும். தண்டு இறங்காது; கதவு சரியாகச் சாத்தாது; சாத்தவில்லையே என்று யாராவது சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள், முதலிடத்துக்கே திரும்பிவிடுவோம். ஆகவே கூடுமானவரை பக்கவாட்டில் நிலையைப் பிடிக்கும் வகையையே தேர்ந்தெடுங்கள். இரட்டைக் கதவுதான் வேண்டுமென்றால் குழியைத் துடைக்க ஓர் ஆளை வாரந்தோறும் நியமியுங்கள். மரக்கதவு வடகிழக்குப் பருவமழையில் ஊதி நிலையில் சிக்கும் என்பது ஆசாரிக்குத் தெரியும். கோடையில் அளந்து பொருத்தும்போது அதற்கு இடம் விடச் சொல்லுங்கள்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பழைய பள்ளிவாசல்களின் தேக்குக் கதவுகள் உள்பக்கம் திறப்பவை. கூட்டம் வந்து மோதினால் அவற்றை இழுத்துத் திறக்க இடம் இருக்காது. பக்கத்திலேயே வேறு வாசல் அமைத்துவிட்டு அழகான பழைய கதவைத் தொழுகை நேரம் முழுவதும் கொக்கி போட்டுத் திறந்து வைப்பது நல்லது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவு அது பயன்படும் பக்கத்திலிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும் என்கிறது. ஒரு மீட்டருக்குக் குறையாத அகலம் கேட்கிறது. மக்கள் கூடும் கட்டடங்களுக்கு இரண்டு மீட்டர். பேனிக் பாருக்கான இஎன் 1125 என்னும் ஐரோப்பியத் தரநிலையில் இன்னும் நுட்பமான விவரங்கள் உண்டு. கம்பி கதவின் அகலத்தில் 60 விழுக்காடாவது ஓட வேண்டும்; தரையிலிருந்து 90 முதல் 110 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; பெரும்பாலோர் சிறுவர் என்றால் இன்னும் தாழ்வாக. மக்தப் மதரஸாக்காரர்கள் இந்தக் கடைசிச் செய்தியைக் குறித்துக்கொள்ளலாம். சும்மா நிற்கும் கதவைத் திறக்க 80 நியூட்டன், அதாவது எட்டுக் கிலோ எடையின் அளவு விசையே போதும். கூட்டம் கதவை 1000 நியூட்டன் விசையோடு அழுத்திக்கொண்டிருந்தாலும் 220 நியூட்டனுக்குள் அது திறந்தாக வேண்டும். நம் கதவுகளில் உள்ள அல்டிராப்பையும் கொண்டியையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: ஒருவர் கதவில் சாய்ந்து நிற்கட்டும், இன்னொருவர் தாழை எடுக்க முயலட்டும். எடுக்க வராது.

ஷட்டர் போட்ட கடைகளும் குடோன்களும் வேறு ரகம். மேலே சுருட்டும் ஷட்டர் மின்சாரம் போனாலோ தண்டவாளம் வளைந்தாலோ நின்றுவிடும். அதை வெளியேறும் வழியாக எண்ணக் கூடாது. பின்பக்கம் தள்ளித் திறக்கும் சிறு கதவு ஒன்று வேண்டும். மீன், இறால் வைக்கும் குளிரறைகளில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளிருந்து தள்ளித் திறக்கும் குமிழ் வேலை செய்கிறதா என்பதைக் காலையில் முதலில் உள்ளே போகிறவர் பார்க்க வேண்டும். ஐஸ் ஆலைகளில் பெரும்பாலும் அமோனியா ஓடுகிறது. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதனிடும் ஆலையில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் பலர் மயங்கினர். அந்த வாயுவில் கண்ணைத் திறக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டே உடம்பால் மோதித் திறக்கக்கூடிய கதவு ஆடம்பரமாகாது.

செலவைப் பற்றி முணுமுணுப்பு வரும். ஒற்றைக் கதவுக்கான கருவி சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஒரு வலீமாவில் மிஞ்சிக் கொட்டும் பிரியாணியின் விலையை யாராவது கணக்கிட்டால் நான் மேற்கொண்டு பேச வேண்டியிருக்காது.

செலவைவிட எனக்குக் கவலை தருவது, பொருத்திய பிறகு நாம் செய்யப்போவது. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் கோகோநட் குரோவ் விடுதியில் 492 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு படிக்கட்டின் மேலிருந்த கதவில் பேனிக் பார் இருந்தது. அதற்கு மேல் கூடுதலாக ஒரு தாழும் போட்டிருந்தார்கள், காசு கொடுக்காமல் யாரும் நழுவிவிடக் கூடாதென்று. கருவி வாங்குவது எளிது. "எதற்கும் இருக்கட்டும்" என்று அதன் மேல் ஒரு சங்கிலி சுற்றும் பழக்கத்தை விடுவதே கடினம். ரமளானில் தராவீஹுக்குப் பெண்கள் திரளும்போது, அதே கதவின் முன் நோன்புக் கஞ்சி அண்டாவும் கேஸ் சிலிண்டரும் மடக்கு நாற்காலிகளும் வந்து குவியும் என்பதையும் நாம் அறிவோம்.

எந்த நாளில் யார் வலையிடுவது என்பதைப் பாடு முறையில் தலைமுறைகளாக ஒழுங்குசெய்து, மீறியவரைக் கேள்வி கேட்டு வந்திருக்கிறது அந்த ஏரிக்கரை. ஒரு கதவைப் பற்றி ஒரு முடிவெடுத்துக் காப்பது அம்மக்களுக்குப் புதிய காரியமன்று. ஜமாஅத் கூடும்போது மண்டப வாடகை நோட்டில் ஒரு பத்தி சேர்க்கட்டும்: நிகழ்ச்சிக்கு முன் பின்கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்து பார்த்தவர் பெயரும் கையெழுத்தும். அந்தக் கையெழுத்து ஒரு பெண்ணுடையதாக இருப்பது நல்லது. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் அமரப்போகிறவர் அவர்தான்.